மரகதம் டீச்சரின் கையெழுத்து

என் மகள் இங்கே மைசூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பள்ளியின் வாசலில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். காலை எட்டே காலுக்குள் அதன் முன்னால் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வந்ததாக அர்த்தம். எரியாவிட்டால், நீங்கள் அங்கேயே மூச்சு விட்டுக்கொண்டு நின்றாலும், வரவில்லை. போன திங்கட்கிழமை அவளுக்கு நல்ல காய்ச்சல். முகம் உப்பி, கண் சிவந்து, மூக்கு வேறு யாருடையதோ போல ஆகிவிட்டிருந்தது. மெஷின் நான்கு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, முகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டது. ஆபீஸில் போய் முறையிட்டால், "மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்கிறார்களாம். அன்று ஆறு வகுப்பு எடுத்துவிட்டு, வராதவளாக வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பையை சோபாவில் எறிந்துவிட்டு, "நான் நானில்லையாம்மா" என்றாள்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. சிரிப்புக்குக் காரணம் இரண்டு கிழவிகள். அந்தக் கிழவிகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலும் தனியாக ஒரு பங்கு வரும். மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர்கள் என்னைப் படுத்திய பாட்டை நீங்கள் கேட்டால், கிழவிகள் என்ற சொல்லை மன்னித்துவிடுவீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்திருந்தேன். கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்றிருந்த காலம். அக்ரஹாரம் பக்கத்தில் ஒரு டிடிபி சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரின்டர், கரண்ட் போனால் பத்து நிமிடம் கத்திவிட்டுத் தானும் அடங்கிவிடும் ஒரு யுபிஎஸ். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட மலர் எல்லாம் அங்கேதான் எழுத்துக் கோத்து அச்சகத்துக்குப் போகும். கன்னடத்தில் வேகமாகவும், தமிழில் தப்பும் தவறுமாகவும், ஆங்கிலத்தில் கடவுளை நம்பியும் தட்டுவேன். முதலாளி புட்டசாமி நல்ல மனிதர். வெற்றிலை வாயில் இருக்கும்வரை கோபம் வராது. துப்பிவிட்டு வந்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தங்குவதற்கு வாணிவிலாச மொஹல்லாவில் ஒரு மாடி அறை கிடைத்தது. கீழே வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். அக்கா மரகதம்மாளுக்கு வயது எண்பத்தாறு, தங்கை பங்கஜம்மாளுக்கு எண்பத்துமூன்று. இரண்டு பேருமே ஓய்வு பெற்ற டீச்சர்கள். ஓய்வு என்று நான் சொல்கிறேன். அவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

எல்லாவற்றையும் திருத்துவார்கள். என் குளியலைத் திருத்துவார்கள், "ஏம்மா, அத்தனை தண்ணியா? யானையா குளிக்குது மேலே?" என்று. கேட்டைச் சாத்தும் விதத்தைத் திருத்துவார்கள். என் பேச்சில் இருக்கும் 'ங்க'வை எண்ணுவார்கள். "சரிங்க டீச்சரம்மா, வர்றனுங்க" என்று நான் படியேறினால், "ரெண்டு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கன்னடப் பத்திரிகையில் பிழை கண்டால் சிவப்பு மையில் வட்டமிட்டு ஆசிரியருக்குத் தபாலில் அனுப்புவார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகைகளையும் திருத்தி, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஒரு பெண்ணின் அப்பா நேரிலேயே வந்து, "டீச்சர், ஆசீர்வாதம் அனுப்புவீங்கன்னு பார்த்தேன்" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்திரிகை நான் தட்டியது. அப்புறம் எத்தனை நாள் அவர்கள் முகத்தில் விழிக்காமல் படியேறினேன் தெரியுமா?

திருத்துவதிலும் இருவருக்கும் வித்தியாசம் உண்டு. பெரியவருக்குக் கை நடுங்கும். அவர் போடும் சிவப்புக் கோடு, மையில் விழுந்த எறும்பு காகிதத்தில் நடந்த மாதிரி இருக்கும். எந்த எழுத்தை எடுக்கச் சொல்கிறார், எந்த எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறார் என்று நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். சின்னவரின் எழுத்து அந்த வயதிலும் அச்சுதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்றைக்கு எனக்கு இது மறந்து தொலைந்தது.

அவர்களுடைய அப்பா சேலம் பக்கத்திலிருந்து ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்தவர். இரண்டும் பெண். சொந்தக்காரர்கள் கேலி செய்யச் செய்ய, திரை கட்டிய ஜட்கா வண்டியில் ஏற்றி இரண்டையும் படிக்க அனுப்பினாராம். டீச்சர் டிரெய்னிங்கும் முடித்து, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கு ஒருவர் கணக்கும் மற்றவர் பூகோளமும் கன்னடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு தடவை, புத்தியில்லாமல், கேட்டுவிட்டேன். "யாரும் கேக்கலை" என்றார் பெரியவர். "கேட்டாங்க. வேலையை விடச் சொன்னாங்க" என்றார் சின்னவர். இதிலும் அவர்களுக்கு ஒத்துப்போகவில்லை பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கு ஆண்டு விழா வந்தது. மலர் போடுகிற வேலை எங்கள் சென்டருக்கு வந்தது. அதில் ஒரு பக்கம் பழைய டீச்சர்களின் பட்டியல். உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர் மரகதம் டீச்சர் என்பதால் விழாவில் மேடையேற்றி அவருக்குச் சால்வை போடப் போகிறார்கள். அந்தப் பக்கத்தை அவர் பார்த்துச் சரி சொன்னால் போதும் என்று பள்ளிக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். நான் பெருமை தாங்காமல் வீட்டில் போய், "உங்க பேரை நான்தானுங்க டைப் பண்றேன்" என்று சொல்லி, அச்சுக்கு முன்னால் திருத்திப் பார்க்கிற புரூஃபையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வாயில் கொழுக்கட்டை இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை. சின்னவர் குளித்துக்கொண்டிருந்தார். பெரியவர் படிக்கட்டின் அடியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை விரலால் கூப்பிட்டார்.

"இங்க ஸ்வல்ப வா, கொஞ்சம் கிட்ட. சத்தம் போடாதே. இந்தப் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கணும்."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எறும்பு நடை. மூன்று தடவை படித்த பிறகு புரிந்தது: 'ஆர். மரகதம்மாள் நோயுற்றிருந்த ஓராண்டு முழுவதும் அவர் பெயரில் வகுப்பெடுத்தவர் அவர் தங்கை ஆர். பங்கஜம்மாள்.'

"இது என்னங்க டீச்சரம்மா?"

"படிச்சே இல்லே? அதுதான். அவகிட்ட சொல்லாதே."

எனக்கென்ன வந்தது? போய்ச் சேர்த்தேன். ஒரு வரிதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு ஸ்வீட் கடை விளம்பரம் இருந்தது. ஒரு வரி சேர்த்ததும் விளம்பரம் அப்படியே அடுத்த பக்கத்துக்குத் தாவியது. அடுத்த பக்கத்தில் இருந்த பிரார்த்தனைப் பாட்டு இரண்டாக உடைந்தது. அதைச் சரி செய்தால் அதற்கடுத்த பக்கத்தில் பழைய மாணவிகளின் படம் தலையில்லாமல் நின்றது. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிமிர்த்தி, புது புரூஃபை மாலையில் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் சின்னவர் செண்பக மரத்தடியில் பூப் பொறுக்குவதுபோல நின்றிருந்தார். அந்த மாதத்தில் மரத்தில் பூவே இல்லை.

"காட்டு" என்றார். பார்த்தார். அந்த வரியின் மேல், அடிமட்டம் வைத்த மாதிரி நேராக, ஒரு சிவப்புக் கோடு. "இதை எடுத்துடு. அக்காவுக்கு வயசாச்சு, என்னமோ எழுதறா. நான் எடுக்கச் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதே."

எடுத்தேன். விளம்பரம் திரும்பி வந்தது. பிரார்த்தனை ஒட்டிக்கொண்டது. மாணவிகளுக்குத் தலை முளைத்தது. அதற்கடுத்த நாள் காலை, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும், படிக்கட்டின் அடியில் மறுபடி அந்த விரல்.

இப்படி எத்தனை நாள் என்கிறீர்கள்? ஒன்பது நாள். காலையில் சேர், மாலையில் எடு. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தார்கள். அந்த வரியை நான் மனப்பாடமாகத் தட்டுவேன். கனவில்கூடத் தட்டியிருப்பேன். புட்டசாமி முதல் மூன்று நாள் வெற்றிலையோடு பார்த்தார். நான்காம் நாள் துப்பிவிட்டு வந்தார்.

"ஏனம்மா இது? ஸ்வீட் கடைக்காரர் கேக்கறார், என் விளம்பரம் ஒருநாள் இந்தப் பக்கம் இருக்கு, ஒருநாள் அந்தப் பக்கம் இருக்கு, அது என்ன விளம்பரமா, டவுன் பஸ்ஸான்னு."

ஒன்பதாம் நாள் அவர் ஒரு விதி போட்டார். மரகதம் டீச்சர் புரூஃபின் அடியில் 'பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். கையெழுத்து இருந்தால் அது அச்சுக்குப் போகும். இல்லாவிட்டால் நான் கொள்ளேகால் பஸ் பிடிக்கலாம். ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்பதால், கொள்ளேகால் போர்டு போட்ட பஸ்ஸைக் கண்டாலே நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

அவரைக்காய் வாசனை இருக்கிறதே, மார்கழி தை மாதங்களில் தேவராஜ மார்க்கெட் பக்கம் போனால் துணியெல்லாம் ஏறிக்கொள்ளும் அந்தப் பச்சை வாசனை, அது மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிடும். முன்னறையில் பெரிய தாம்பாளத்தில் ஊறவைத்த அவரைப் பருப்பு. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தோல் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பொறுமை போய் நடுவில் போய் உட்கார்ந்தேன். சத்தியமாவது ஒன்றாவது.

"டீச்சரம்மா, ரெண்டு பேரும் கேளுங்க. இவங்க காலைல சேர்க்கச் சொல்றாங்க, அவங்க சாயங்காலம் எடுக்கச் சொல்றாங்க. எனக்கு வேலை போயிடுமுங்க. ஒண்ணைச் சொல்லுங்க."

பருப்பு பிதுக்குவது நின்றது.

"நீயா எடுக்கச் சொன்னே?" என்றார் அக்கா.

"நீயா சேர்க்கச் சொன்னே?" என்றார் தங்கை.

இரண்டு பேருக்கும் தெரியும். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், ஒரே சிவப்பு மைக்கூட்டில் தொட்டு எழுதுகிறவர்களுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? ஒன்பது நாள் தெரியாத மாதிரி நடித்திருக்கிறார்கள், நடுவில் நான் பந்தாக உருண்டிருக்கிறேன்.

அன்றைக்குத்தான் முழுக் கதையும் வந்தது. மரகதம் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம் காசநோய் கண்டது. அந்த நாளில் அதை வெளியே சொன்னால் வேலை போகும், மனிதர்களும் போவார்கள். அப்பா அதற்குள் இறந்திருந்தார். அக்காவை நஞ்சன்கூட்டில் ஓர் அத்தை வீட்டுப் பின்னறையில் படுக்க வைத்தார்கள். பங்கஜம் அப்போதுதான் டிரெய்னிங் முடித்திருந்தார், வேலை கிடைக்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, அக்காவின் புடவையைக் கட்டிக்கொண்டு அக்காவின் பள்ளிக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நின்றார்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை. வாய் வரலை. அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. அப்புறம் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, 'கையெழுத்துப் போடு, மரகதம்'னாங்க."

அந்த வருடம் முழுவதும் பங்கஜம், ஆர். மரகதம் என்று கையெழுத்துப் போட்டார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பழகிய கையெழுத்தாம். அக்கா குணமாகித் திரும்பிய பிறகு, இன்னும் இரண்டு வருடம் காத்திருந்து, அதே பள்ளியில் தன் பெயரில் வேலைக்குச் சேர்ந்தார்.

"நான் சாகறதுக்குள்ள அது ஒரு இடத்துல அச்சுல வரணும்" என்றார் பெரியவர். "அறுபது வருஷமா ஒவ்வொருத்தரும் என் சர்வீஸ் பத்திப் பேசறப்போ, அந்த ஒரு வருஷம் தொண்டையில நிக்குது. அது இவளுது. இவ பேரு எங்கயும் இல்லை."

"நான் கேட்டனா?" சின்னவர் குரலை உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன். "ஒருநாளாவது கேட்டனா? அச்சுல வந்தா என்ன ஆகும்? மரகதம் டீச்சர் ஊரை ஏமாத்தினாங்கன்னு ஆகும். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் புண்ணியவதி, அவங்க பேரும் கெட்டுப்போகும். இந்த வயசுல உனக்கு அது பேடா, வேண்டாம் அக்கா."

"அந்த வரி இல்லேன்னா நான் மேடை ஏற மாட்டேன்."

"இருந்தா நான் ஹாலுக்கே வர மாட்டேன்."

பிறகு இரண்டு பேரும் பருப்பை எடுத்துப் பிதுக்க ஆரம்பித்தார்கள், அவ்வளவு வேகமாக. தோல் என் மேலெல்லாம் தெறித்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர்களுக்காக என்று சொல்ல ஆசைதான். உண்மையைச் சொன்னால், கொள்ளேகால் மாப்பிள்ளையை நினைத்துத்தான்.

திங்கட்கிழமை, அச்சுக்குக் கொடுக்கக் கடைசி நாள். வரியோடு இருந்த புரூஃபைக் காலையில் முன்னறை மேஜையில் வைத்துவிட்டு, "பெரிய டீச்சரம்மா, கையெழுத்துப் போட்டு வைங்க, சாயங்காலம் எடுத்துக்கறனுங்க" என்று கத்திவிட்டு ஓடினேன். பெரியவர் பூஜையில் இருந்தார். "ரெண்டு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. சாயங்காலம் வந்தபோது வீட்டில் யாருடைய சத்தமும் இல்லை. மேஜையில் காகிதம் இருந்தது. அந்த வரியின் மேல் ஒரு சிவப்புக் கோடு. அடியில், 'பார்த்தேன். சரி. ஆர். மரகதம்.'

அப்பாடா, கிழவி விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு வந்த நிம்மதியில் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. வாசலில் நிறுத்திய சைக்கிளை அப்படியே திருப்பிக்கொண்டு போய், புட்டசாமியின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பத்திரமாக ஃபைலில் குத்திக்கொண்டார். ராஜா காலத்து ஆவணம் மாதிரி.

விழாவுக்கு முந்தின நாள் மலர் அச்சாகி வந்தது. இரண்டு பிரதியை மரியாதையாகக் கொடுக்க வேண்டும் என்று புட்டசாமியும் என்னோடு வந்தார், ஃபைலும் கையுமாக. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தார். மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"எங்கம்மா என் வரி?"

எனக்குப் புரியவில்லை. புட்டசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஃபைலைத் திறந்து புரூஃபை நீட்டினார். "நீங்கதானே டீச்சர் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுத் தந்தீங்க? இதோ பாருங்க."

பெரியவர் அந்தக் காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கையெழுத்தின் மேல் பிடித்தார். சமையலறையில் அதுவரை பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

அப்போதுதான் நானும் அவர் தோளுக்கு மேலிருந்து ஒழுங்காகப் பார்த்தேன். ஆர். மரகதம். ஒவ்வொரு எழுத்தும் நேராக நின்றது. ஒரு நடுக்கம் இல்லை. ஒன்பது நாள் எறும்பு நடையைப் படித்துக் கண் பூத்துப்போன எனக்கு, அந்தத் திங்கட்கிழமை மட்டும் அது தெரியவில்லை. கோடு போட்டதும் சின்னவர், கையெழுத்துப் போட்டதும் சின்னவர். அறுபது வருடம் கழித்தும் அந்தக் கைக்கு மறக்கவில்லை.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் தங்கை கள்ளக் கையெழுத்துப் போட்டவள் ஆவாள். மலரை மறுபடி அடிக்க வேண்டும் என்றுகூட அவர் கேட்கலாம்.

"ஆமா," என்றார். "என் கையெழுத்துதான்."

புட்டசாமி பெரிய கும்பிடு போட்டுவிட்டு ஓடினார். அவர் கேட்டைத் தாண்டியதும் நான் வெடித்தேன். என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன செருப்பா என்பதுபோல ஏதோ. ஒன்றும் நடக்காத மாதிரி பெரியவர், சமையலறைப் பக்கம் பார்த்து, "பங்கஜம், என்னைவிட நல்லாவே போடறே" என்றார். உள்ளேயிருந்து மூன்று டம்ளர் காபி வந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை. கோபத்தில் மறந்தாரா, வேண்டுமென்றே செய்தாரா, தெரியாது.

விழா மறுநாள் காலை. பெரியவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வெளிர் நீலப் பட்டுப்புடவை கட்டி, எல்லோருக்கும் முன்னால் கிளம்பி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். சின்னவரும் வந்தார். ஆட்டோவில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான், வழக்கம்போல.

ஹாலில் முன் வரிசையில் அக்காவும் தங்கையும். பின்னால் நானும், பழைய மாணவிகளும். பழைய மாணவிகள் என்றால் எல்லோருக்கும் எழுபதுக்கு மேல், நரைத்த கொண்டையில் மல்லிகை. பேச்சு, பாட்டு, மறுபடி பேச்சு. பிறகு மைக்கில், "நம் மூத்த ஆசிரியை, ஆர். மரகதம்மாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று கன்னடத்தில் சொன்னார்கள்.

பெரியவர் அசையவில்லை. போச்சு, சொன்னபடி செய்கிறார் என்று நினைத்தேன். மறுபடி மைக்கில் பெயர் வந்தது. அப்போது பெரியவர் தங்கையின் விலாவில் விரலால் குத்தினார்.

"போ."

"உன்னைத்தான் கூப்பிடறாங்க அக்கா."

"அன்னைக்கு மரகதம்னு கூப்பிட்டாங்க, நீதானே போனே? இன்னைக்கும் நீயே போ. கையெழுத்துப் போடத் தெரியுதில்லே? சால்வையும் வாங்கிக்கோ."

"சும்னே இரு அக்கா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். எழுந்திரு."

சின்னவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் என்ன செய்வது என்று தெரியாத பார்வை. எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் தடவை பெயர் வந்தபோது எழுந்தார். மேடைப் படியில் யாரோ கையைப் பிடித்து ஏற்றினார்கள். சால்வை போட்டார்கள். மைக்கில் இருந்தவருக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை, அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆனால் என் வரிசையிலேயே நான்கைந்து நரைத்த கொண்டைகள் எழுந்து நின்றுவிட்டன. கை தட்டினார்கள். சிரித்துக்கொண்டே, விடாமல் தட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "உங்களுக்கு அவங்களைத் தெரியுமுங்களா?" என்றேன்.

"தெரியாம என்னம்மா? நான் அந்த கிளாஸ்ல இருந்தவ. முதல் நாளே தெரியும், இது மரகதம் மிஸ் இல்லேன்னு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"நாங்க கணக்குல தப்புப் பண்ணினா மரகதம் மிஸ் ஸ்கேலால அடிப்பாங்க. இவங்க அடிக்க மாட்டாங்க. சொன்னா அவங்க திரும்பி வந்துடுவாங்களே!" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கை தட்டினார்.

நாற்பது பிள்ளைகள், ஒரு வருடம், பிறகு அறுபது வருடம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வரிக்காக நான் ஒன்பது நாள் ஸ்வீட் கடையை அங்கும் இங்கும் தள்ளியிருக்கிறேன். முன் வரிசையில் பெரியவர் திரும்பி அந்தக் கொண்டைகளைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அந்த மூணாவது ஆளு, ஏழாம் வாய்ப்பாடு கடைசிவரைக்கும் வரலை அவளுக்கு" என்றார்.

மரகதம் டீச்சர் அடுத்த மழைக்காலம்வரைதான் இருந்தார். பங்கஜம் டீச்சர் அதற்குப் பிறகு ஒரு வருடம். அக்கா போன பிறகு அவர் எதையும் திருத்துவதில்லை. தண்ணீரைக் கொட்டிக் குளித்தாலும் சத்தம் வராது. எண்ணுவார் என்று வேண்டுமென்றே நாலைந்து 'ங்க' சேர்த்துப் பேசிப் பார்த்தேன். எண்ணவில்லை. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம், செண்பக மரம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். டிடிபி சென்டர் செல்போன் கடையாகிவிட்டது. புட்டசாமி கடையைக் காலி செய்தபோது ஃபைல்களையெல்லாம் எடைக்குப் போட்டார், நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புரூஃபை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். மறுநாள் காலையும் அவளுக்குக் காய்ச்சல் விடவில்லை. லீவு போடடி என்றால், முதல்நாளே செல்போன் ஆப்பில் கேட்டிருக்க வேண்டுமாம். சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று, "எனக்குப் பதிலா நீ போறியாம்மா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் நானும் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

பள்ளி வாசலில் அவளை ஒதுக்கிவிட்டு, என் முகத்தைக் கொண்டுபோய் அந்த மெஷினின் முன்னால் நீட்டினேன். என் முகச்சாயல்தானே அவளுக்கும். மெஷின் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் சிவப்பு விளக்கு. பிறகு அவள் நின்றாள். அதற்கும் சிவப்பு விளக்கு.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "மேடம், நேத்தே ஜுரம்னு சொன்னீங்களே, இன்னும் விடலையா? கஷாயம் குடிச்சீங்களா?" என்று என் மகளைக் கேட்டார். அவருக்கு அவளைத் தெரிகிறது. அவள் காய்ச்சல்கூடத் தெரிகிறது. ரிஜிஸ்டர்தான் அவர் கையில் இல்லை.